மட்டாஞ்சேரி: பெயர்கள் சொல்லும் வரலாறு

மட்டாஞ்சேரிக்கு வருவோரிடம் பெரும்பாலும் அரைநாள் பொழுதே இருக்கும். அரண்மனை, யூதர் தொழுகைக்கூடம், மிளகு மணக்கும் கடைத்தெரு, பிறகு கோட்டைக் கொச்சிக் கரையில் மீன்வலைகள், கதிர் மறைவு. அத்துடன் பயணம் முடிந்துவிடும். வழிகாட்டிகள் இவற்றுக்குச் சொல்லும் பெயர்கள் ‘டச்சு அரண்மனை’, ‘பரதேசி சினகாக்’, ‘சீனவலை’. அரண்மனையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். பரதேசி என்ற சொல்லைத் தமிழர் நாம் புரிந்துகொள்ளும் பொருளில் அங்கே எவரும் வழங்குவதில்லை. சீனவலையின் உறுப்புப் பெயர்களிலோ போர்த்துகீசியம் ஒலிக்கிறது. மூன்று பெயர்களும் வரலாற்றின் ஒரு பகுதியைக் காட்டி, இன்னொரு பகுதியை மறைக்கின்றன.

மட்டாஞ்சேரியின் நிலம், வரலாறு, காணத்தக்க இடங்கள் ஆகியவற்றைப் பெயர்களின் வழியாக அறிமுகம் செய்வதே இப்பதிவின் நோக்கம். அதனூடே ஒரு கருத்தையும் முன்வைக்க விரும்புகிறேன். மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மராத்தி, தெலுங்கு எனப் பல மொழிகள் சில சதுர கிலோமீட்டர் பரப்பில் எப்படி நிலைத்தன என்று கேட்டால், ‘கொச்சி மன்னர்களின் பெருந்தன்மை’ என்பதே வழக்கமான விடை. அது பாதி விடையே. துறைமுகம் தந்த வேலையே மறுபாதி. அந்த வேலை இடம் மாறினால் மொழிக்கு என்ன நேரும் என்பதை இன்று மட்டாஞ்சேரியில் நேரில் காணலாம்.

1. நிலமும் நீரும்

மேற்கே அரபிக் கடலுக்கும் கிழக்கே வேம்பநாட்டுக் காயலுக்கும் இடையே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம் ஒன்று உண்டு. அதன் வடமுனை கோட்டைக் கொச்சி. அதை அடுத்து, காயலை நோக்கிய கரையில் அமைந்தது மட்டாஞ்சேரி. வடக்கே, கடலும் காயலும் கலக்கும் அழிமுகத்துக்கு அப்பால் வைப்பின் தீவு. கிழக்கே, மட்டாஞ்சேரி வாய்க்காலுக்கு அப்பால் வெலிங்டன் தீவு. அதற்கும் அப்பால் எர்ணாகுளம். கோட்டை கடல்வாயைக் காத்து நிற்க, மட்டாஞ்சேரி காற்றும் அலையும் அடங்கிய உள்நீரைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. கப்பல் கடலிலிருந்து வரும். மிளகு மலையடிவாரங்களிலிருந்து ஆறு, காயல் வழியே வள்ளங்களில் வரும். இரண்டும் சந்திக்கும் கரை இது. பண்டகசாலைகள் தெருவுக்கு ஒரு வாயிலும் நீருக்கு ஒரு வாயிலுமாகக் கட்டப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்நிலத்தின் வயதைப் பற்றிய பொதுக் கருத்தொன்று உண்டு. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சியின் அழிமுகம் அகன்று ஆழமானது என்பர். கொடுங்கல்லூர்ப் பகுதியோடு தொடர்புபடுத்தப்படும் பழைய துறைமுகமே முசிறி. யவனர் பொன்னுடன் வந்து மிளகுடன் மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. எனவே சங்க இலக்கியம் பயின்ற ஒருவருக்கு மட்டாஞ்சேரி புதிய ஊர் அன்று. முசிறியின் வணிகம் தெற்கே இடம்பெயர்ந்து வந்து தங்கிய ஊர். கொச்சி அரச குடும்பமும் சுமார் 1405இல் கொடுங்கல்லூரை விட்டு இங்கு வந்தது என்பது மரபு.

ஊர்ப்பெயருக்கு வருவோம். ‘அஞ்சேரி மட்டம்’ என்ற நம்பூதிரி இல்லத்தின் பெயரை அயல்நாட்டு வணிகர் திரித்து ‘மட்-அஞ்சேரி’ ஆக்கினர் என்றொரு கதை வழங்குகிறது. அயலார் திரித்த பெயரை உள்ளூர் மக்கள் தம் சொந்த வழக்காக ஏற்றுக்கொண்டது ஏன் என்பதற்கு அக்கதையில் விடை இல்லை. ஆனால் ‘சேரி’ என்னும் ஈறு தெளிவானது. தலச்சேரி, சங்ஙனாச்சேரி, புதுச்சேரி ஆகியவற்றில் உள்ள அதே சேரி. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற பழம்பொருளை மலையாள ஊர்ப்பெயர்கள் காத்து நிற்க, இன்றைய தமிழில் அச்சொல் ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. சொற்பொருள் ஒடுக்கத்துக்குப் பாடநூல்களில் எடுத்துக்காட்டுத் தேடும் மாணவர்கள் இவ்விணையைக் குறித்துக்கொள்ளலாம். அதன் பின்னணியில் இருப்பது சாதியின் வரலாறு என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

2. பதினைந்தாம் நூற்றாண்டுக் கொச்சியில் யார் இருந்தார்கள்?

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே கொச்சி பன்மொழி ஊராக இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செங் ஹோவின் கடற்பயணங்களில் உடன்சென்ற மா ஹுவான், கொச்சியின் மக்களை ஐந்து பிரிவினராக வகுத்து எழுதியுள்ளார். அரச குலத்தார், முஸ்லிம்கள், செட்டிகள், தரகு செய்யும் கிளிங்குகள், கடைசியாக முக்குவர். செட்டி என்ற சொல் சீன எழுத்தில் ஏறத்தாழ அதே ஒலியுடன் பதிவாகியிருக்கிறது. கிளிங்கு என்பது தென்கிழக்காசியாவில் தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியரைச் சுட்டிய பெயர். ஆக, 1500 டிசம்பரில் கப்ராலின் கப்பல்கள் கொச்சியில் நங்கூரமிட்டபோது, கிழக்குக் கரையின் வணிகர் ஏற்கெனவே இங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்தனர்.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் அச்சுறுத்தலில் இருந்த கொச்சி மன்னருக்குப் போர்த்துகீசியரின் பீரங்கி தேவைப்பட்டது. அவர்களுக்கு மிளகு தேவைப்பட்டது. 1503இல் கோட்டை எழுந்தது. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா முதலில் புதைக்கப்பட்டது கோட்டைக் கொச்சித் தேவாலயத்தில்தான். எச்சங்கள் பின்னர் போர்த்துகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இதற்குள் கொச்சி இரண்டாகப் பிரிந்துவிட்டது. போர்த்துகீசிய ஆவணங்களில் கோட்டையூர் ‘கீழ்க் கொச்சி’, மன்னரின் மட்டாஞ்சேரி ‘மேல் கொச்சி’. பல வடிவங்களில் இன்றுவரை தொடரும் பிரிவினையின் தொடக்கம் இது.

3. ‘டச்சு’ அரண்மனை

மட்டாஞ்சேரி அரண்மனையை 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துகீசியர் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அளித்தனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்து விரிவாக்கினர். பெயர் அவர்களுடையதாகிவிட்டது. கட்டியவனை விட்டுச் சீரமைத்தவனைப் பெயர் நினைவில் கொண்டது ஒருபுறம் இருக்க, அரண்மனையின் உள்ளடக்கம் இருவருக்கும் உரியதன்று. நாற்கட்டு அமைப்பு, நடுமுற்றத்தில் கொச்சி அரச குடும்பத்தின் குலதெய்வமான பழயன்னூர் பகவதியின் கோயில், பள்ளியறைச் சுவர்களில் இராமாயண ஓவியங்கள். வெளிச்சுவரும் வளைவுகளும் ஐரோப்பாவை நினைவூட்ட, உள்ளே முழுமையான கேரள அரண்மனை.

சுவரோவியங்களை அவசரமின்றிக் காண வேண்டும். காவி, பச்சை, மஞ்சள் நிறங்களில் உருவங்கள் இடைவெளியின்றி நிறைந்து, கதையின் அடுத்தடுத்த நிகழ்வுகள் எல்லைக்கோடு இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்று விரியும். இப்போது இது இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைப் பயணத்தைத் திட்டமிடுவோர் நினைவில் கொள்க.

மலையாளத்தில் டச்சுக்காரருக்கு வழங்கிய பழைய பெயர் ‘லந்தக்காரர்’. தமிழில் ‘ஒல்லாந்தர்’, ‘உலாந்தாக்காரர்’. எல்லாம் ஹாலந்து என்பதன் திரிபுகள். ‘டச்சு அரண்மனை’ என்பதிலோ ஆங்கிலச் சொல்லே இருக்கிறது. அப்பெயர் உள்ளூரார் நாவில் பிறந்ததா, ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் பிறந்ததா என்பதை ஊகிக்க இந்த வேறுபாடே போதும்.

4. பரதேசிகளும் செப்பேடும்

அரண்மனை வளாகத்தை ஒட்டியே யூதர் தெரு. 1568இல் மன்னர் அளித்த நிலத்தில் எழுப்பப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் அதன் முனையில் உள்ளது. தரையில் பதித்த நீலமும் வெண்மையுமான கையோவிய ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனத்தின் காண்டன் நகரிலிருந்து வந்தவை. மணிக்கூண்டை 1760இல் எழுப்பியவர் டச்சு நிறுவனத்தின் தரகராகவும் பெருவணிகராகவும் இருந்த எசேக்கியேல் ரஹாபி. சனிக்கிழமை தொழுகைக்கூடம் பார்வையாளர்க்குத் திறப்பதில்லை.

‘பரதேசி’ என்றால் வேற்று நாட்டிலிருந்து வந்தவர். ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த யூதர்களை, ஏற்கெனவே பல நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்த மலபார் யூதர்களிடமிருந்து பிரித்துக் காட்டிய சொல் அது. தமிழில் அதே சொல் பிச்சையெடுப்பவரையும், வசையாக யாரையும் குறிக்கத் தாழ்ந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் அது உயர்வின் அடையாளமாக இருந்தது. உயர்வுக்கு ஒரு கீழ்நிலை வேண்டுமல்லவா? மலபார் யூதர்களும், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோரும் பரதேசி தொழுகைக்கூடத்தில் சமநிலை பெறவில்லை. அவ்வழியில் பிறந்த வழக்குரைஞர் ஏ. பி. சேலம், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தத் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து அந்தப் பாகுபாட்டை எதிர்த்தார். ‘எல்லோரும் இணக்கமாக வாழ்ந்த ஊர்’ என்ற சுற்றுலா வாசகத்தைப் படிக்கும்போது இவரை நினைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் மாணவர்க்கு இத்தொழுகைக்கூடத்தின் பெருஞ்செல்வம் செப்பேடுதான். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும், வரிவிலக்கு, பல்லக்கு, குடை, முரசு முதலான எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்த ஆவணம் அது. மன்னன் அப்போது முயிரிக்கோட்டில் தங்கியிருந்தான். எழுத்து வட்டெழுத்து. மொழி எது? பழைய மலையாளம் என்பார் சிலர். தமிழ் என்பார் சிலர். என் பார்வையில், இரு மொழிகளும் இன்றைய எல்லைக்கோடுகளைப் பெறாத காலத்து ஆவணத்தை ஏதேனும் ஒரு பக்கம் சேர்க்க வாதாடுவதைவிட, எந்தெந்த இலக்கணக் கூறுகள் எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்தன என்று ஆராய்வதே பயனுடையது. சொத்துரிமை வழக்கைப் போல மொழி வரலாற்றை நடத்துவதால் இரு தரப்பாரும் இழப்பது மிகுதி.

1948க்குப் பின் யூதர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். யூதர் தெருவில் இன்று கடைப் பலகைகள் உள்ளன; தொழுகைக்குத் தேவையான பத்துப் பேர் இல்லை. யூத மலையாளத்தையும் அதில் பெண்கள் பாடிவந்த பாடல்களையும் ஆராய விரும்புவோர் இப்போது இஸ்ரேலுக்குத்தான் செல்ல வேண்டியுள்ளது. தொழுகைக்கூடம் காப்பாற்றப்பட்டது. அதில் ஒலித்த பேச்சு கட்டடத்தோடு தங்கவில்லை.

5. கொச்சியில் அச்சேறிய தமிழ்

கோட்டைக் கொச்சித் தெருக்களில் நடக்கும் தமிழ் மாணவர் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’, 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. மறு ஆண்டு, 1579 நவம்பரில், ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது கொச்சியில், இயேசு சபையாரின் கல்லூரியில். இரண்டையும் தமிழாக்கியவர் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார். கொச்சியில் அச்சான தமிழ், கன்னியாகுமரிக்கு அப்பால் கிழக்குக் கரையில் வாழ்ந்த பரதவர்க்காகவே முதன்மையாக அமைந்தது. கடல்வழியில் இவ்விரு கரைகளும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தமிழ் அச்சின் வரலாற்றைத் தரங்கம்பாடியிலிருந்து தொடங்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதற்கு 130 ஆண்டுகளுக்கும் முன்னரே கொச்சி வருகிறது.

போர்த்துகீசியர் காலத்தின் மற்றொரு முகமும் மட்டாஞ்சேரியிலேயே உள்ளது. 1653 ஜனவரி 3ஆம் நாள், சிரியத் திருச்சபை மரபைச் சேர்ந்த தோமா கிறித்தவர்கள் இங்கே ஒரு சிலுவையின் முன் திரண்டு, இயேசு சபையாரின் தலைமைக்கு இனி அடங்குவதில்லை என்று உறுதி பூண்டனர். கூட்டம் பெரிதாக இருந்ததால் சிலுவையில் கயிறுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டே சூளுரைத்தனர் என்றும், இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்றும் மரபு கூறும். ‘கூனன் குரிசு சத்தியம்’ என்று பெயர். வழிபாட்டு மொழி சிரியமா இலத்தீனா என்பதும் அப்பூசலின் ஒரு பகுதி. பத்து ஆண்டுகளில் போர்த்துகீசியர் ஆட்சியும் முடிவுற்றது.

டச்சுக்காலத்தின் மிகப் பெரிய அறிவுப்பணி ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் முன்னின்று தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த இந்நூல் 742 தாவரங்களை விவரிக்கிறது. சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் மூலிகைகளின் பெயரையும் பயனையும் சொன்னார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூன்று கொங்கணி மருத்துவர்களும் உடனிருந்தனர். மலையாளத்தில் சொல்லப்பட்டது போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து இலத்தீனாயிற்று. போர்த்துகீசியர் தோற்றோடிய பிறகும் டச்சுக்காரர்களுக்கு அவர்களின் மொழியே பொதுமொழியாகத் தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. முதல் தொகுதியில் அச்சுதனின் சான்றுரை மலையாளத்திலும் கொங்கணி மருத்துவர்களின் சான்றுரை நாகரி எழுத்தில் கொங்கணியிலும் இடம்பெற்றன. கோவாவிலிருந்து மத நெருக்கடியால் வெளியேறி 16ஆம் நூற்றாண்டில் இப்பகுதிக்கு வந்த கௌட சாரஸ்வதர்களின் மொழி, 1992இல்தான் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. கொச்சியில் தொகுத்த நூல் அதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் பதித்திருக்கிறது.

6. வலையின் ‘கை’

கோட்டைக் கொச்சிக் கரையிலுள்ள வலைகளைச் சீனர் கொண்டுவந்தனர் என்பது பரவலான நம்பிக்கை. சீனவலை, சீனச்சட்டி, சீனபரணி என்று மலையாளத்தில் சீனம் ஒட்டிய சொற்கள் பல. ஆனால் வலையை இயக்குவோரிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டால் ‘பிராசு’, ‘கலசாந்தி’, ‘சவாயா’ என்ற சொற்கள் கிடைக்கின்றன. பிராசு என்பது ‘கை’ எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லோடு தொடர்புடையது. பெயர்களை வைத்து, மக்காவில் இவ்வலையைக் கண்ட போர்த்துகீசியரே இதை இங்கு அறிமுகம் செய்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர். முழுப்பொருளின் பெயர் ஒரு கதை சொல்கிறது. உழைப்பவர் கையாளும் உறுப்புகளின் பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. களப்பணியில் இரண்டாவதைக் கேட்டுப் பதிவதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

போர்த்துகீசியம் நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. சாவி, மேசை, சன்னல், அலமாரி, ஏலம், பீப்பாய், துவாலை, பாதிரி ஆகிய எல்லாம் அம்மொழி தந்தவை. வாணிபமும் வீட்டு உபயோகமும் தேவாலயமும் இச்சொற்களின் களங்கள். ஆனால் கொச்சியிலும் வைப்பினிலும் வீட்டுமொழியாகவே வழங்கிய போர்த்துகீசியக் கிரியோல் இன்று இல்லை. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2010 ஆகஸ்டில் மறைந்தார். சொற்கள் கோடிக்கணக்கானோர் நாவில் வாழ, அச்சொற்களை இங்கே ஊன்றிய பேச்சு ஒருவரோடு அடங்கியது.

7. கால்வாயின் இரு கரைகள், கரையின் வேலை

1795இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றினர். அதன்பின் கோட்டைக் கொச்சி ‘பிரிட்டிஷ் கொச்சி’ ஆகி, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்தது. கல்வத்திக் கால்வாய்க்கு அப்பாலுள்ள மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. சில நிமிடங்களில் நடந்து கடக்கும் தொலைவில் வேறு அரசு, வேறு சட்டம், வேறு வரி. கோட்டைக் கொச்சி 1866இலேயே நகராட்சி ஆயிற்று. சென்னையிலிருந்து ஆளப்படும் நிலை 1956 வரை நீடித்தது. 1967 நவம்பர் 1இல் எர்ணாகுளமும் இவ்விரு பகுதிகளும் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவானது.

இடையே துறைமுகம் மாறியது. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, அழிமுகத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி ஆழமாக்கினார். 1928இல் கடற்கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. வாரியெடுத்த மண்ணிலிருந்து எழுந்ததே வெலிங்டன் தீவு. கப்பல்கள் எதிர்க்கரைக்குப் போயின. ஆயினும் சுமையேற்றும் தொழிலாளர் மட்டாஞ்சேரியில்தான் வாழ்ந்தனர். அவர்களுக்கு வேலை கிடைத்த முறைக்குப் பெயர் ‘சாப்பா’. காலையில் கூடி நிற்கும் கூட்டத்தை நோக்கி முகவர் உலோக வில்லைகளை வீசுவார். அடித்துப் பிடித்து வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்று வேலை, மற்றவருக்குப் பட்டினி. போர்த்துகீசியத்தில் உலோகத் தகட்டையும், இந்துஸ்தானியில் முத்திரையையும் குறிக்கும் சொற்கள் இதே ஒலியுடையவை. இரண்டுமே இச்சொல்லின் பிறப்பிடமாக இருக்கத் தக்கவை. இம்முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அண்மையில் வெளிவந்த ‘துறமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வரலாற்றைச் சொல்கிறது. சுற்றுலா வரைபடத்தில் இதற்கு இடமில்லை.

8. வெளியில் ஒரு தமிழ்

கோட்டைக் கொச்சியில் ‘வெளி’ என்றே பெயர் பெற்ற திறந்த திடல் பகுதி ஒன்று உண்டு. அதனருகே உள்ளது தோபிகானா. டச்சுக்காரர்கள் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து தம் முன்னோரை அழைத்து வந்தனர் என்று இங்குள்ள வண்ணார் சமூகத்தார் கூறுகின்றனர். இப்போதுள்ள துவைக்கும் கூடம் 1976இல் கட்டித் தரப்பட்டது. தனித்தனித் தொட்டிகள், துவைகல், கஞ்சியில் தோய்த்த வெள்ளைத் துணிகள். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் பிரிகளுக்கிடையே துணிமுனையைச் செருகி உலர்த்துவதால் கவ்விகள் தேவைப்படுவதில்லை. தேய்க்கும் கருவிக்கு நாம் சொல்லும் ‘இஸ்திரி’யும் போர்த்துகீசியத்தின் வழி வந்தது என்று கருதுவோர் உண்டு.

தலைமுறைகள் பல கடந்தும் இவர்களின் வீட்டுமொழி தமிழாக இருப்பதை நாம் வியக்கிறோம். வியப்பதைவிடக் காரணத்தைக் கேட்பது பயன் தரும். ஒரே தொழில், ஒரே குடியிருப்பு, ஒரே வட்டத்துக்குள் மணவுறவு ஆகிய மூன்றும் சேர்ந்து மொழியைக் காத்தன. அந்த மூன்றையும் இறுக்கிக் கட்டியது சாதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்றைய தலைமுறை வேறு படிப்புக்கும் வேறு வேலைக்கும் செல்கிறது. அது வரவேற்கத்தக்கது, எவரும் மொழியாய்வாளரின் வசதிக்காகத் தொட்டியடியில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அத்தொழிலோடு சேர்ந்த சொற்களும் மலையாளம் கலந்து உருவான அத்தமிழின் ஒலியும் பதிவாகாமலே போகும் நாள் தொலைவில் இல்லை.

இதே நிலையை வேறு வடிவங்களில் ஊர் முழுதும் காணலாம். காயல்பட்டினத்தைத் தம் பூர்வீகமாகக் கூறும் நயினா குடும்பங்கள், குஜராத்தி வணிகர், கச்சி மேமன்கள், கொங்கணி பேசும் சாரஸ்வதர் என ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு தொழிலையோ சரக்கையோ சார்ந்து அமைந்தது. 2011இல் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையம் திறந்தது. 2012 டிசம்பரில் கொச்சி-முசிறி பினாலே தொடங்கியது. மிளகும் சுக்கும் அடுக்கிய பண்டகசாலைகள் சில கலைக்கூடங்களாகவும் உணவகங்களாகவும் மாறின. கட்டடங்கள் மீண்டதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ‘பல மொழிகள் பேசும் ஊர்’ என்ற பெருமை விளம்பரத்தில் ஏறும் அதே காலத்தில், அம்மொழிகளைப் பேசக் காரணமாக இருந்த வேலைகள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன.

9. செல்வோர்க்கு

எர்ணாகுளத்திலிருந்து படகில் மட்டாஞ்சேரிக்கு வருவதே நல்லது. ஊர் நீரைப் பார்த்து அமைந்திருப்பது அப்போதுதான் விளங்கும். முதலில் அரண்மனை, பிறகு யூதர் தெருவும் தொழுகைக்கூடமும். அதன்பின் கடைத்தெரு வழியே வடக்கு நோக்கி நடந்து கல்வத்தியைக் கடந்தால் கோட்டைக் கொச்சி. கூனன் குரிசுத் தேவாலயத்தையும் தோபிகானாவையும் தவிர்க்காதீர்கள். தோபிகானா பணியிடம். அங்கே நிற்பவர்கள் காட்சிப்பொருள்கள் அல்லர். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

மொழியியல், தமிழியல், வரலாறு பயிலும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். மட்டாஞ்சேரியில் எத்தனை மொழிகள் என்று எண்ணிக் காட்டும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்ளுங்கள். சுமை தூக்குவோர், மசாலாத் தரகர், வலை இயக்குவோர், வெளுப்போர் என எதுவானாலும் சரி. அத்தொழிலின் கருவிகளுக்கும் உறுப்புகளுக்கும் அளவைகளுக்கும் வழங்கும் சொற்களை, சொல்பவரின் இசைவோடு ஒலியாகப் பதியுங்கள். பதிவின் படி ஒன்றைச் சொன்னவரிடமே தாருங்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையான செப்பேட்டைக் காத்துவைக்க முடிந்த ஊரில், வாழும் ஒரு தலைமுறையின் பேச்சைப் பதிந்து வைப்பது நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.